எல்லாருக்கும் ஒரே விலாசம்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும், அலுவலகத்தில் நாலு பேர் மேடம் என்று கூப்பிடத் தொடங்கிய பிறகும், அக்கா வீட்டு வாசலில் கால் வைத்தால் அவள் சின்னவள்தான். ஒரு வேலையை இரண்டு தரம் செய்வதென்றால் அவளுக்கு வேப்பங்காய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாக்கியத்தை நூறு முறை எழுதி வரச் சொன்னபோது, மூன்று பேனாக்களை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி எழுதிப் பிடிபட்டவள். அந்தச் சோம்பலுக்குச் சம்பளம் கொடுக்கவும் உலகத்தில் ஒரு தொழில் இருந்தது அவளுடைய நல்ல நேரம். கடைகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் தங்கள் ஆட்களுக்கு அனுப்பும் மெயில்கள், யாரும் உட்கார்ந்து அனுப்பாமல் தாமாகவே போகும்படி அமைத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. அதற்கு ஆட்டோமேஷன் என்று கம்பீரமான பெயர் உண்டு. அக்கா மட்டும், "என் தங்கச்சி மெயில் அனுப்புற வேலையில இருக்கா" என்றுதான் சொல்லுவாள். அதைக் கேட்டு அவளைத் தபால்காரி என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போய், நாற்காலியில் சாய்ந்து, கையில் ஊசி குத்திக்கொண்டு, ரத்தத்தை மெஷினுக்குள் அனுப்பிச் சுத்தம் செய்து திரும்ப வாங்கிக்கொண்டு வரவேண்டும். "என் ரத்தம்தான் ஊர் சுத்திட்டு வருது, நான் உக்காந்த எடத்துலயே இருக்கேன்" என்பார் மாமா. அவருக்குப் பக்கத்து நாற்காலி வாத்தியாருடையது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊருக்கு வெளியே மகளோடு இருந்தார். மகள் வேலைக்குப் போய்விடுவதால் தனியாகவே பஸ் பிடித்து வருவார். ஒவ்வொரு முறையும் மாமாவுக்கு ஒரு கணக்குப் புதிர் போடுவார். மாமா வேண்டுமென்றே தப்பான விடையைச் சொல்லி அவரைச் சீண்டுவார். இரண்டு பேருக்கும் அதில் பொழுது போனது.

மையத்துக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு குழு மெயில் இருந்தது. அக்கா ஆரம்பித்து வைத்தது. ஒரே விலாசம், அதற்கு யார் எழுதினாலும் எல்லாருக்கும் போய்விடும். இன்றைக்கு ஒரு மெஷின் பழுது, என் முறையை யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா, வழியில் சாலை மறியல், சீக்கிரம் கிளம்புங்கள் என்று காரியமான சேதிகள் மட்டும் அதில் வரும். போனிலேயே அரட்டைக் குழுவாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே காலை வணக்கமும் பூப்படமும் குவிந்து, உருப்படியான சேதி முங்கிப்போகும் என்பது அவள் கட்சி. குழு மெயில் வந்தால் அவள் போனில் பழைய சுவர்க்கடிகாரம் அடிப்பதுபோல ஒரு மணி அடிக்கும். அவளைப் பார்த்து மற்றவர்களும் அதே மணியை வைத்துக்கொண்டார்கள். வாத்தியார் மட்டும் எந்த மெயில் வந்தாலும், "கிடைத்தது. நன்றி" என்று எல்லாருக்கும் பதில் போடுவார். அதற்கும் மணி அடிக்கும். "இவருக்குக் கெடச்சுதா இல்லையான்னு யாரு கேட்டா?" என்று மாமா தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு மையத்துக்குப் புது மேலாளர் வந்தார். சுறுசுறுப்பான மனிதர், சும்மா இருக்கத் தெரியாது என்பதைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மையம் மூடும் நாளென்றால் வரவேற்பில் இருக்கும் அம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லுவதும், குழு மெயிலில் தனியாக ஒரு தரம் எழுதுவதும் அவருக்குப் பத்தாம்பசலித்தனமாகப் பட்டது. ஒரே இடத்தில் எழுதி ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாருக்கும் போகவேண்டும், அதே வழியில் மையத்தின் விளம்பரங்களும், மையத்துக்குக் காசு கொடுப்பவர்களின் விளம்பரங்களும் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். "என் தங்கச்சி இந்த வேலைதான் பண்றா சார்" என்று அக்கா பெருமையாகச் சொன்னாள். அப்படித்தான் அந்த வேலை சின்னவளின் கம்பெனிக்கு வந்தது.

வேலை பெரிய வேலையில்லை. விளம்பர மெயில் அனுப்புவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் ஆட்களைச் சேர்த்து, இன்ன சேதி வந்தால் இன்னாருக்கு அனுப்பு என்று வரிசை கட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் அந்த மென்பொருளுக்கு ஒரு விலாசம் என்றால் ஓர் ஆள். முறைப்படி செய்வதென்றால் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சேர்க்கவேண்டும். மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மகனோ மருமகளோதான் மெயிலைப் படித்துச் சொல்வார்கள். அவர்களைத் துரத்திப் பிடித்துச் சம்மதம் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

சின்னவள் யோசித்தாள். குழு மெயிலுக்குத்தான் ஏற்கெனவே ஒரே விலாசம் இருக்கிறதே, அதை மட்டும் சேர்த்துவிட்டால் போகிறது என்று தோன்றியது. சேர்த்துப் பார்த்தாள். மென்பொருள் முரண்டு பிடித்தது. இது குழுவின் விலாசம் போலத் தெரிகிறது, ஒரு தனி ஆளின் விலாசம் கொடு என்றது. கெட்டிக்காரிகளுக்கு இதெல்லாம் ஒரு தடையா? ஒரு மனிதரின் பெயர் போலத் தோன்றும் புது மெயில்பெட்டி ஒன்றைத் திறந்தாள். அதற்கு வருவதெல்லாம் குழுவுக்குப் போகும்படி திருப்பிவிட்டாள். அந்த விலாசத்தைக் கொடுத்ததும் மென்பொருள் சமத்தாக வாங்கிக்கொண்டது. பெயர் என்ன என்று கேட்டது. "குடும்பம்" என்று அடித்தாள். இந்த விலாசம் ஒரே ஒருவருக்கு உரியது என்று உறுதி கூறுகிறேன் என்று ஒரு கட்டம் வந்தது. அதிலும் டிக் போட்டாள்.

போடும்போது ஒரு கணம் கை நின்றது, அதையும் சொல்லிவிடவேண்டும். அந்த மென்பொருள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும் அடியில், சின்ன எழுத்தில், "இனி இந்த மெயில்கள் வேண்டாம்" என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை எடுத்துவிட முடியாது. வேண்டாதவர் அதை அமுக்கினால் அவருக்கு மெயில் நின்றுவிடும். ஆனால் இங்கே மென்பொருளுக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான், திருவாளர் குடும்பம். கூட்டத்தில் யார் அமுக்கினாலும் குடும்பமே வேண்டாமென்று சொல்லிவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். அப்புறம் அத்தனை பேருக்கும் நின்றுபோகும். சின்னவளுக்கு இது தெரியும். தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அப்புறம் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை, ஏனென்றால் எல்லாம் நன்றாகவே ஓடியது.

நன்றாக ஓடியது என்றால் மேலாளருக்கு நன்றாக ஓடியது. நேரம் மாறினால் ஒரு பொத்தான், விடுமுறை என்றால் ஒரு பொத்தான். பச்சை டிக் வந்துவிடும். வரவேற்பில் இருந்த அம்மாவிடம் இனிமேல் போன் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூடவே விளம்பரங்களும் கிளம்பின. முதுகுக்குத் தலையணை, குடும்பத்தோடு முழு உடல் பரிசோதனை, கொழுப்பைக் குறைக்கும் எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கடிகார மணி அடித்தது.

"அந்த மணி அடிச்சா வயித்தைக் கலக்குதுடி" என்று அக்கா ஒருநாள் போனில் சொன்னாள். "மெஷின் ரிப்பேரோன்னு ஓடி வந்து பாத்தா தலையணை."

"பாத்துட்டுத் தள்ளிவிடேன்கா."

"தள்ளிவிடறதுக்கு முன்னாடி பாக்கணும்ல? அந்த நேரத்துல எனக்கு உசுரு போய்ட்டு வருது."

சின்னவள் சிரித்தாள். சரி, பார்க்கிறேன் என்றாள். பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒருநாள் மையத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. சுத்தமான தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் கிடையாது. மேலாளர் சாயங்காலமே சேதி அடித்தார். நாளை இங்கே மையம் மூடியிருக்கும், ஊரின் மறுகோடியில் இருக்கும் நம் கிளைக்கு வந்துவிடுங்கள், வண்டி இல்லாதவர்கள் சொன்னால் அனுப்பிவைக்கிறோம் என்று நன்றாகவே எழுதியிருந்தார். பொத்தானை அமுக்கினார். பச்சை டிக் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அன்றைக்கு யார் போனிலும் மணி அடிக்கவில்லை. "கிடைத்தது. நன்றி" என்று ஒரு பதிலும் வரவில்லை. அதைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை இறக்கிவிட்ட ஷட்டருக்கு முன்னால் கூட்டம் நின்றது. துணைக்கு ஆள் இருந்தவர்கள் போன் போட்டு விசாரித்து, கிடைத்த வண்டியில் ஏறி மறுகோடிக்கு ஓடினார்கள். அக்கா மாமாவை ஒரு டாக்சியில் அடைத்துக்கொண்டு போய், கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்து, சாயங்காலத்துக்குள் எப்படியோ முடித்துவிட்டாள். வாத்தியார் எல்லாருக்கும் முன்னாலேயே வந்திருந்தார். வாட்ச்மேன், "இன்னைக்கு இல்ல சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வாரக் கடைசியில் இரண்டு நாள் இடைவெளி விட்டு, உடம்பில் நீர் ஏறிப்போய் வந்த மனிதர். மறுநாள் மூச்சுத் திணறி, நுரையீரலில் நீர் கோத்து, பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே கிடந்தார்.

சின்னவள் அலுவலகத்தில் மென்பொருளைத் திறந்து பார்த்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. விலகியவர்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர் இருந்தது. குடும்பம். போன வாரமே விலகியிருந்தது. எந்தக் கை அமுக்கியது என்று அதில் தெரியாது. தெரிய வழியும் இல்லை, அப்படித்தான் அவள் அதைக் கட்டியிருந்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, மேலாளரின் சேதிகள் மென்பொருள் வழியாக இல்லாமல் நேராகவே குழுவுக்குப் போகும்படி மாற்றி, போய்ச் சேருகிறதா என்று பார்க்கத் தன் விலாசத்தையும் குழுவில் சேர்த்துக்கொண்டாள். அதைச் செய்து முடிக்க ஒரு காப்பி ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

மேலாளர் அறையில் மின்விசிறி சுற்றியும் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மேடம் இது? பச்சை டிக் வந்துச்சே."

"அனுப்பற வேலை முடிஞ்சுதுன்னுதான் சார் டிக் வரும். போய்ச் சேந்துச்சான்னு அதுல தெரியாது. யாரோ ஒருத்தர் கீழ இருக்கிற 'வேண்டாம்'கறதை அமுக்கியிருக்காங்க. அதுல குழுவுக்கே நின்னுபோச்சு."

"யாரோ அமுக்கிட்டாங்களா?" அவர் முகம் தெளிந்தது. "அப்ப நம்ம மேல தப்பு இல்ல."

இங்கே சின்னவள் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஒருத்தர் அமுக்கினால் எல்லாருக்கும் நிற்கும்படி கட்டியது நான்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். மையத்தின் மற்றக் கிளைகளையும் அவளிடம் ஒப்படைப்பதாகக் கம்பெனியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதுவும் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வெறும் பயம். அவள், "அப்படின்னு சொல்ல முடியாது சார்" என்று இழுத்தாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எல்லாருக்கும் ஒரு விளக்கம் எழுதிடுங்க. நீங்க எழுதினா பக்குவமா இருக்கும்."

எழுதினாள். குழுவைச் சேர்ந்த ஒருவர் விலகல் இணைப்பைத் தவறுதலாக அமுக்கிவிட்டதால் மெயில் தடைபட்டது, வருந்துகிறோம், இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது, இனி அனைவரும் கவனமாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. படித்துப் பார்த்து, ஒரு கமாவைத் திருத்தி அனுப்பினாள். இவ்வளவு பூசி மெழுகத் தனக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

சாயங்காலம் அக்கா வரச்சொன்னாள். போனபோது அக்கா சமையலறையில், மாமாவுக்கான தண்ணீரைக் குழாயிலிருந்து பாட்டிலில் அளந்து பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று பாட்டிலில் கோடு போட்டிருக்கும். கோட்டைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அக்கா கவனிக்கவில்லை. சின்னவள் குழாயை மூடினாள்.

"நான்தான்டி அமுக்கினேன்" என்றாள் அக்கா.

"எதை?"

"அந்த 'வேண்டாம்'கறதை." பாட்டிலைக் கீழே வைத்தாள். "குடும்பத்தோட கப்பல்ல போங்க, ஏழு நாள் கடல்லயே இருக்கலாம்னு ஒரு மெயில். அவரு ஊர்ப் பாலத்தைத் தாண்டிப் போறதுன்னாலே அடுத்த முறைக்குள்ள திரும்பிடலாமான்னு பாத்துட்டுதான் போறோம். கை ஈரத்தோட ஓடி வந்து பாக்கறேன், கப்பல் படம். பாவி எனக்கு அப்படி ஒரு கோவம். அமுக்கிட்டேன். எனக்கு மட்டும் நிக்கும்னு நெனச்சேன்டி. ஊருக்கே நிக்கும்னு யாரு கண்டா?"

யார் கண்டது என்று சின்னவளுக்குத் தெரியும். அவள் கண்டாள். டிக் போடும்போதே கண்டாள்.

"அந்த மனுஷன் தனியா வந்து படியில உக்காந்துட்டுப் போயிருக்காருடி. எம்புருஷன் பக்கத்துலயே உக்காந்திருந்த மனுஷன்." அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, மாமாவுக்குக் கேட்கக்கூடாதென்று சத்தமில்லாமல் அழுதாள். அம்மா செத்தபோதுகூட அவள் இப்படி அழுது சின்னவள் பார்த்ததில்லை.

"விடுக்கா" என்றாள் சின்னவள். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "யாரா இருந்தாலும் அமுக்கியிருப்பாங்க."

ஆறுதல் மாதிரி இருந்தது அந்த வாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான், அமுக்கியதுதான் குற்றம் என்று அக்காவின் தலையில் நன்றாகக் கட்டிவிட்டுப் பிறகு மன்னிப்பது மாதிரியும் இருக்கிறதே என்று சின்னவளுக்கு உறைத்தது. திருத்த வாயெடுத்தாள். உள்ளறையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

"தாகமா இருக்கு, ஒரு ஐஸ் கட்டி தாங்கம்மா யாராவது. அக்காவும் தங்கச்சியும் கூடினா மனுஷன் ஞாபகமே வராதா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஐஸ் கட்டியைக் கிண்ணத்தில் போட்டாள். "வாத்தியார் பொண்ணுகிட்ட சொல்லிடப்போறேன்" என்றாள்.

"அவசரப்படாத. ரெண்டு நாள் போகட்டும். நான் பேசறேன்."

"என்ன பேசுவ?"

"பேசறேன்கா, விடு."

அக்காவுக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது என்பதைச் சின்னவள் மறந்துவிட்டாள். மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது குழுவுக்கு அக்காவின் மெயில் வந்தது. நேற்று வந்த விளக்கத்தில் ஒருவர் என்று இருந்ததே, அது நான்தான். கோபத்தில் அமுக்கிவிட்டேன். எல்லாருக்கும் நிற்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எழுதவில்லை. வாத்தியார் பிழைத்து வரவேண்டும். அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பதில்கள் வந்தன. பாவம், தெரியாமல் செய்ததுதானே என்றார் ஒருவர். குழுவை ஆரம்பித்தவரே இப்படிச் செய்யலாமா என்றார் இன்னொருவர். என் மாமியாருக்கு அன்றைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று ஒரு மருமகள் கேட்டிருந்தாள். அந்த மருமகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மாமியாரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவளே அக்காதான். வாத்தியாரின் மகள் வாத்தியாரின் விலாசத்திலிருந்தே எழுதியிருந்தாள். "அப்பா இன்னும் கண் திறக்கவில்லை. உங்கள் கோபத்துக்கு அவர்தானா கிடைத்தார்?"

சின்னவள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மேலாளர் போன் செய்தார். குரலில் ஒரே உற்சாகம்.

"பிரச்சினை முடிஞ்சுது மேடம். யாருன்னு தெரிஞ்சுபோச்சு, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இனிமே நம்மகிட்ட யாரும் கேக்கமாட்டாங்க."

"சார், அது என் அக்கா."

"அப்படியா? அடடா" என்றார். பிறகு, "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு, வீட்டு விஷயமா பேசி முடிச்சுக்குங்க" என்றார். சின்னவள் போனை வைத்தாள். வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தண்ணீர் இயந்திரம் சரியாகி மையம் திறந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நாற்காலிகளும் மெஷின்களும் தெரிந்தன. மாமா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. துணைக்கு வந்தவர்கள் வெளியே நடையில் உட்காருவார்கள். எப்போதும் அக்காவைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். யாருக்கு எந்த மாத்திரை, எந்த நர்ஸ் வலிக்காமல் குத்துவாள் என்று அவளைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு எல்லாரும் எதிர்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. அக்காவிடம் சொல்லி, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வாத்தியார் மகளிடம் சொல்லி, பிறகு மேலாளரிடம், பிறகு கம்பெனியில் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொல்லவேண்டுமே என்று நினைத்தபோது சின்னவளுக்கு மலைப்பாக இருந்தது. நடையின் கோடியில், தூணை ஒட்டிக் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். குழுவுக்கு எழுதினாள்.

"அமுக்கியது என் அக்கா. ஆனால் ஒருவர் அமுக்கினால் எல்லாருக்கும் நிற்கும்படி அமைத்தது நான். குழுவின் விலாசத்தைச் சேர்க்கக்கூடாது என்று மென்பொருளே தடுத்தது. நான் பொய்யாக ஒரு விலாசம் உண்டாக்கிச் சேர்த்தேன். இப்படி நடக்கலாம் என்று அப்போதே எனக்குத் தெரியும். நேற்று வந்த விளக்கத்தை எழுதியதும் நான்தான். தெரிந்தே இதை மறைத்தேன். உங்களில் யார் அமுக்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அக்கா மேல் தவறு இல்லை. என் மேல்தான்."

அனுப்பினாள். அடுத்த கணம் நடை முழுக்கக் கடிகாரங்கள் அடித்தன. எல்லாரும் ஒரே சமயத்தில் பைக்குள் கைவிட்டார்கள். அக்காவும் போனை எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள். அவள் உதடுகள் எழுத்துக்கூட்டுவது போல அசைந்தன. எதிர்வரிசையில் ஒருவர் தலைநிமிர்ந்து அக்காவைப் பார்த்துவிட்டு, பிறகு நடையின் கோடியைப் பார்த்தார். ஒருவர் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள்.

சின்னவள் எழுந்து அக்காவை நோக்கி நடந்தாள். பாதி தூரம் போவதற்குள் மறுபடியும் மணிகள் அடித்தன. வாத்தியாரின் விலாசத்திலிருந்து வந்திருந்தது. மகள்தான் எழுதியிருக்கவேண்டும். "கிடைத்தது" என்று ஒரே சொல். வாத்தியார் அதற்குப் பக்கத்தில் எப்போதும் நன்றி என்று சேர்ப்பார்.

சின்னவள் அக்காவின் முன்னால் போய் நின்றாள். அக்கா அண்ணாந்து பார்த்தாள். அழுத கண்ணாக இல்லை, காய்ந்துபோயிருந்தது.

"நேத்து நான் அழுதப்பவே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்கா."

"தோளைப் பிடிச்சுட்டு நின்னியே. அப்பவும் தெரியும்ல?"

சின்னவள் தலையாட்டினாள்.

"நான் எழுதினதை ஊரே படிச்சுது. பரவால்ல, நான் பண்ணினதுக்கு நான் எழுதினேன்." அக்கா கையிலிருந்த போனைப் பார்த்தாள். "நீ எனக்குத் தனியா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி? ஊரோட சேத்துத்தான் எனக்குமா?"

எதிர்வரிசையிலிருந்த மருமகள் எழுந்து வந்து, "அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அக்காவின் இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா அவளைப் பார்த்து ஒப்புக்குத் தலையசைத்தாள். வலப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. சின்னவள் அதில் உட்காரக் குனிந்தாள்.

அக்கா மடியிலிருந்த பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தாள்.